இளக்கிய பாயும் இறங்கும் விமானமும்

நம் கல்லூரியின் யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, எதைப்பற்றி எழுதுவது என்ற மலைப்பே முதலில் என்னை ஆட்கொண்டது. சமயம், இலக்கியம், சட்டம், வைத்தியம் ஆகிய துறைகளிற் பெயர் பெற்ற பழைய மாணவர் பலர் இம்மலரை அணிசெய்வர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய பிரயாணி விமானங்களை ஓட்டியதன்றி வேறொன்றும் அறியாத நான், அறிந்த ஒன்றைப்பற்றி எழுதுவதே முறையென்று துணிந்தேன். விமானத்தின் இறக்கைமேல் எழுந்து மடியும் ஒருவகைப் பலகைகளைப் பற்றியது இக்கட்டுரை. விமானிகள் அவற்றை ‘ஸ்பீட்பிரேக்’ என்பர். அவற்றைக் கையாளும் வகையை எனக்கு முதன்முதற் கற்பித்தவர் எந்த விமானப் பயிற்சியாசிரியரும் அல்லர். வாழ்நாளில் ஒருமுறையேனும் விமானத்தில் ஏறியிராத ஒரு கடற்றொழிலாளர். இரண்டாவதாகக் கற்பித்தவர் நம் கல்லூரித் தமிழாசிரியர். மூன்றாவதாகக் கற்பித்தது என் சொந்தத் தவறு. அம்மூன்றையும் முறையே சொல்லுகிறேன்.

என் தந்தையார் புகையிரதப் பகுதியிற் கடமையாற்றியவர். ஆகையால் நான் பிறந்தது யாழ்ப்பாணமாயினும் வளர்ந்தது மன்னார்த் தீவிலே. தலைமன்னார் வீதியும் இருப்புப்பாதையும் அடுத்தடுத்துச் செல்லும் தோட்டவெளிக் கிராமத்தில் எங்கள் வாடகை வீடு இருந்தது. பனைமரங்களும் மணலும், வேலி தாண்டி வந்து வாசலில் நிற்கும் கழுதைகளும், வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயத்து மணியோசையும் என் இளமை நினைவோடு பிணைந்தவை. நாங்கள் சைவர், அயலவர் பெரும்பாலும் கத்தோலிக்கர். பொங்கலும் பலகாரமும் வேலிக்கு மேலாகவே மாறின.

அயல்வீட்டிலே ஒரு சம்மாட்டியார் இருந்தார். பேசாலைக் கடற்கரையில் அவருக்குச் சொந்தமாகப் பாய் கட்டிய வள்ளம் ஒன்று இருந்தது. கடல் அமைதியாயிருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில், என் தாயாரிடம் அனுமதி பெற்று, விடுமுறை நாட்களில் என்னையும் உடன் அழைத்துச் செல்வார். கரையோரமாகச் சிறிது தூரம் சென்று மீளும் அப்பயணங்களில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். பாயின் கீழ்நுனியிற் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். “இழு” என்றால் இழுத்தல். “இளக்கு” என்றால் இளக்குதல்.

ஒருநாள் திடீரெனக் காற்று வலுத்தது. வள்ளம் ஒருபுறமாகச் சாய்ந்தது. சம்மாட்டியார் “இளக்கு” என்றார், இளக்கினேன். காற்று பாயினின்றும் வழிந்தோடிற்று, வள்ளம் நிமிர்ந்தது. அவ்வளவில் என் அச்சமும் நீங்கிற்று. அந்நேரம் பார்த்து நாலைந்து ஓங்கில்கள் எங்களுக்கு அருகே துள்ளி விளையாடத் தொடங்கின. நான் அவற்றையே பார்த்திருந்தேன். வீசிய காற்றுத் தணிந்துவிட்டது. பாயோ இளக்கியபடியே கிடந்தது. இளக்கிய பாய் படபடவென அடித்துக்கொள்ளும். முதலில் அவ்வோசை காதைத் துளைக்கும், சற்று நேரத்திற் பழகிவிடும், பின்பு கேட்பதேயில்லை. வள்ளம் முன்னே செல்லாமல், நீரோட்டத்தில் அகப்பட்டுப் பக்கவாட்டாக ஒரு மணல்திட்டை நோக்கி நகர்வதை நான் உணரவேயில்லை.

அவர் என்னை ஏசவில்லை. எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக் கயிற்றின்மேல் வைத்து, “தம்பி, பாயை இளக்கினால் கயிற்றைக் கையிலேயே வைத்திரு. கை அதிலே இருந்தால் மனமும் அதிலே இருக்கும்” என்றார். பின்பு சுக்கான் பக்கம் போய் அமர்ந்துவிட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது. தனுஷ்கோடியை அழித்த 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயலுக்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது இது.

தோட்டவெளிக்கும் விமானத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. அதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். பெரிய விமானம் ஒன்று வானத்தினின்றும் இறங்குவது, மாடியிலிருந்து படிவழியே இறங்குவது போன்றதன்று. பல கல் தொலைவில் இருக்கும்போதே அதற்கு ஆயத்தஞ் செய்ய வேண்டும். எஞ்சின்களின் வேகத்தை மிகக் குறைத்துவிட்டு, மூக்கைச் சற்றே தாழ்த்திச் சறுக்கிக்கொண்டு வருவதே சிக்கனமான முறை. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல்மைல் தூரம் வேண்டும் என்பது விமானிகள் மனத்திற் கொள்ளும் கணக்கு. 35,000 அடி உயரத்தில் வரும் விமானத்துக்கு இக்கணக்கின்படி 105 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 195 கிலோமீற்றர் தேவை. மன்னார்த் தீவுக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டிலுள்ள தூரமோ ஏறத்தாழ 200 கிலோமீற்றர். வடக்கேயிருந்து நேர்வழியில் கட்டுநாயக்காவுக்கு வரும் விமானி, நான் வளர்ந்த வீட்டின் மேலே வரும்போதுதான் இறங்கத் தொடங்க வேண்டும்!

அவ்விடத்தில் தொடங்கத் தவறினால் என்ன? தெற்கே சிலாவத்துறைக்கு மேலே தொடங்கினோமாயின் பத்துப் பதினைந்து கடல்மைல் கடன்பட்டவர்களாகிறோம். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோர் வேறு விமானங்களின் பொருட்டு நம்மை உயரத்திலேயே வைத்திருந்தாலும், பின்புறக் காற்று எதிர்பார்த்ததிலும் வலிதாயிருந்தாலும் இதே நிலைதான். இத்தகைய சிறு கடனைத் தீர்க்கவே ஸ்பீட்பிரேக் உண்டாயிற்று. புத்தளம் வரையிலும் அதே உயரத்தில் வந்துவிட்டோமாயின், எஞ்சியிருப்பது வேண்டிய தூரத்திற் பாதியளவே. அக்கடனை எந்தப் பலகையாலும் தீர்க்க முடியாது. அனுமதி பெற்று வட்டமிட்டு, உயரத்தைக் குறைத்துக்கொண்டு வருதலே அறிவுடைமை.

இனி அக்கருவி இயங்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். விமானத்திற் சாளரத்தருகே, இறக்கைக்குப் பின்புறமாக அமர்ந்திருந்தவர்கள் அதைக் கண்டிருப்பர். இறக்கையின் மேற்பரப்பில், பின்விளிம்புக்குச் சற்று முன்னே, வரிசையாகச் சில பலகைகள் படிந்து கிடக்கும். விமானி தன் பக்கத்திலுள்ள நெம்புகோல் ஒன்றைப் பின்னே இழுத்தால் அவை கீல்கதவு திறப்பதுபோல் மேலெழும். அவை எழுந்தவுடன் இரண்டு காரியங்கள் நிகழ்கின்றன. காற்றின் ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்பதால் விமானத்தைப் பின்னிழுக்கும் தடை பெருகுகிறது. இறக்கையின்மேல் ஒழுங்காக ஓடிய காற்றுக் கலைந்துபோவதால் விமானத்தை ஏந்தி நிற்கும் தூக்குவிசையும் குறைகிறது. நிமிடத்துக்கு இரண்டாயிரம் அடியளவில் இறங்கிக்கொண்டிருந்த விமானம், வேகம் மாறாமலே, மூவாயிரம் அடியை அண்மிக்கலாம். வேகத்தைக் குறைப்பதே நோக்கமாயின், குறைந்த தூரத்தில் அதுவுங் கைகூடும்.

அக்காலத்து விமானங்களை விடத் தற்கால ஜெட் விமானங்களுக்கு இக்கருவி ஏன் இன்றியமையாதது என்று மாணவர் கேட்கலாம். முற்காலத்து விமானங்களில் எஞ்சினை அடக்கினால், அதன் பெரிய சுழல்விசிறியே காற்றைத் தடுத்து நின்றது. ஜெட் விமானமோ வழவழப்பானது. சறுக்கிக்கொண்டே செல்லும் இயல்புடையது. நூறு தொன்னுக்கு மேற்பட்ட அந்தப் பாரத்தை ஒரே நேரத்தில் விரைவாகத் தாழ்த்தவும் வேண்டும், வேகத்தைக் குறைக்கவும் வேண்டும் என்றால் அது எளிதில் இணங்காது. ஆகவே காற்றை வீணாக்கும் ஒரு கருவியை, காற்றைச் சிறிதும் வீணாக்காத இறக்கையின் மேலேயே பொருத்த வேண்டியதாயிற்று. சம்மாட்டியார் பாயை இளக்கச் சொன்னதும் இதற்காகவே அன்றோ!

இதனைப் பாதுகாப்பாகக் கையாளுதற்குரிய விதிகள் விமானத்துக்கு விமானம் சற்று வேறுபடினும், அடிப்படை ஒன்றே. முதலாவது, எஞ்சினின் உந்துவிசையும் ஸ்பீட்பிரேக்கும் எதிரெதிரானவை. ஒன்றைக் கூட்டும்போது மற்றையதை மடித்துவிட வேண்டும். இரண்டாவது, நெம்புகோலைச் சடுதியாக இழுத்தலும் விடுதலும் ஆகாது. மெல்ல மெல்லவே இயக்க வேண்டும். மிக்க உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில், இறக்கையின் தூக்குவிசைக்கு இருக்கும் இடைவெளி குறுகியது. அங்கே கூடுதலான அவதானம் வேண்டும். மூன்றாவது, நெம்புகோலுக்குப் பறப்பின்போது செல்லக்கூடிய எல்லை ஒன்று உண்டு. அதற்கு அப்பாலுள்ள நிலை நிலத்துக்கே உரியது. நான்காவது, இறங்கும் பொருட்டு இறக்கையின் பின்மடிப்புகளைப் பெரிதும் நீட்டிய பின்னரும், நிலத்தை அண்மித்த பின்னரும் இக்கருவியை நாடுதல் பெரும்பாலான விமானங்களில் தகாது. பின்மடிப்பு தூக்குவிசையைக் கூட்டுவது, இதுவோ குறைப்பது. ஒரு கையால் அள்ளியதை மறு கையால் இறைப்பது போலாகும்.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. 1980 ஆம் ஆண்டு முதல் எயார் லங்கா நிறுவனம் பறக்கவிட்ட லொக்கீட் டிரைஸ்டார் விமானங்களைப் பலர் நினைவு வைத்திருப்பர். அவ்விமானம் தரையிறங்க வரும்போது இப்பலகைகள் சற்றே எழுந்து நின்று, விமானி கைப்பிடியை அசைப்பதற்கேற்பத் தாமே ஏறியும் இறங்கியும் விமானத்தைச் சரியான சரிவில் வைத்துக்கொள்ளும். அங்கே மறதிக்கு இடமில்லை. நினைவு வைத்திருப்பது இயந்திரம். மனிதன் கையால் இழுக்கும் இடத்திலேதான் ஆபத்து.

அதனாலேயே ஐந்தாவது விதி எல்லாவற்றுக்கும் மேலானது: பலகைகள் எழுந்திருக்கும் வரையில் விமானி தன் கையை அந்நெம்புகோலினின்றும் எடுத்தலாகாது. போயிங் விமானங்களுக்குரிய பயிற்சி நூல்களிற் சொல்லப்படும் அறிவுரை இது. வெளிநாட்டிலே பயிற்சிக் கூடத்தில் இதனை முதன்முதல் வாசித்தபோது, எனக்கு அருகே இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டனர். நான் மட்டும் தனியே சிரித்தேன். பேசாலைக் கடலில் ஒன்பது வயதிற் கற்ற பாடமன்றோ அது!

கற்றேன் என்று சொல்வது எளிது. இப்போது என் தவற்றுக்கு வருகிறேன்.

1994 ஆம் ஆண்டு. நான் தலைமை விமானியாகப் பதவியுயர்வு பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஓரிரவு, இருநூறுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு ஒரு பெரிய நகரை நோக்கி வந்துகொண்டிருந்தோம். வேறு விமானங்களின் பொருட்டு எங்களை நெடுநேரம் உயரத்திலே வைத்திருந்தார்கள். இறங்க அனுமதி கிடைத்தபோது, செல்ல வேண்டிய தூரம் மிகக் குறைந்திருந்தது. எஞ்சின்களை அடக்கி, ஸ்பீட்பிரேக்கை முழுவதும் இழுத்தேன். விமானம் மெல்ல அதிர்ந்துகொண்டு இறங்கிற்று. நான் கணக்கிட்டபடியே உயரமும் தூரமும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. சிறு பெருமிதம் ஒன்று என்னுள்ளே தோன்றிற்று. என் பக்கத்தில் இருந்த இளம் துணை விமானிக்கு அன்று காலையில்தான், புறப்படுமுன், ஒரு சிறு தவறுக்காகக் கடுமையாகப் புத்தி சொல்லியிருந்தேன். இப்போது அவருக்குத் தொழில்நுட்பத்தைச் செய்தே காட்டிவிட்டதாக எண்ணினேன்.

பத்தாயிரம் அடியில் நிலைபெறுமாறு கட்டளை வந்தது. அத்தறுவாயில் வானொலி அலைவரிசையை மாற்ற வேண்டியிருந்தது. முன்னே இருந்த மழைமேகம் ஒன்றையும் விலக்கிச் செல்ல வேண்டியிருந்தது. என் கை நெம்புகோலை விட்டு வானிலைக் கருவியின் குமிழுக்குச் சென்றது. விமானம் நிலைபெற்றது. வேகத்தைக் காக்க எஞ்சின்கள் தாமாகவே முழங்கத் தொடங்கின. பலகைகளோ எழுந்தபடியே நின்றன. அதிர்வு இருந்தது, ஆயினும் அது பழகிப்போயிருந்தது. இளக்கிய பாயின் ஓசையைப்போல!

நான் அப்போது ஓட்டிய விமானத்தில், அவ்வுயரத்தில் அதற்கென எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் பறந்தோம் என்பதைப் பின்பு அறிந்தேன்: ஏறத்தாழ ஒரு நிமிடம். இறுதியில் துணை விமானி, தொண்டையைச் செருமிக்கொண்டு, “கப்டன், ஸ்பீட்பிரேக்” என்றார். உடனே மடித்தேன். அதிர்வு நின்றது, எஞ்சின்களின் முழக்கம் தணிந்தது. பின்னே இருந்த பிரயாணிகள் எவரும் எதையும் அறிந்திரார். சிறிது எரிபொருள் வீணாயிற்று, அவ்வளவே.

தரையிறங்கிய பின், எஞ்சின்களை நிறுத்திவிட்டு அவரிடம் கேட்டேன்: “எப்போது கண்டீர்?”

“விமானம் நிலைபெற்ற உடனேயே கண்டேன்.”

“பின் ஏன் சொல்லவில்லை?”

அவர் சற்றுத் தயங்கினார். “தாங்கள் அறிந்தே வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணினேன்” என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. என் கை நெம்புகோலை விட்டு நீங்கியது ஒரு பிழை. ஆனால் காலையில் நான் பேசிய கடுஞ்சொல், பக்கத்திலிருந்தவரின் நாவையும் ஒரு நிமிடம் கட்டிப்போட்டது. என் நினைவு தவறினால் எனக்கு நினைவூட்டுவதற்காகவே அமர்ந்திருந்தவரை நானே ஊமையாக்கியிருந்தேன். இரண்டாவது பிழை முதலாவதிலும் பெரிது என்பதை அன்றிரவு உறக்கமின்றிக் கிடந்தபோது உணர்ந்தேன்.

அடுத்த ஆண்டு மார்கழி மாதம் 20 ஆம் நாள், கொலம்பியா நாட்டின் கலி நகருக்கு அருகே அமெரிக்கன் எயார்லைன்ஸின் போயிங் 757 விமானம் ஒன்று இரவிலே மலையில் மோதிற்று. அதிலிருந்த 163 பேரில் 159 பேர் மாண்டனர். வேறோர் ஓடுபாதையில் நேராக இறங்கலாம் என்ற அழைப்பை அவ்விமானிகள் ஏற்றுக்கொண்டனர். அதனால் உயரத்தை விரைவிற் குறைக்க வேண்டியதாயிற்று, ஸ்பீட்பிரேக்கை எழுப்பினர். அந்த அவசரத்திலே வழிகாட்டும் கணினியில் நேர்ந்த பிழையால் விமானம் மலைப்பக்கமாகத் திரும்பிற்று. நிலம் நெருங்குகிறது என்று கருவி கூவியதும் எஞ்சின்களுக்கு முழு விசை கொடுத்து மூக்கை உயர்த்தினார்கள். செய்ய வேண்டியதும் அதுவே. ஆனால் இறக்கையின்மேற் பலகைகள் எழுந்தபடியே நின்றன. மோதும் வரையில் எவரும் அவற்றை மடிக்கவில்லை. உடனே மடித்திருப்பின் அவ்விமானம் மலையுச்சியைத் தாண்டியிருக்கக் கூடும் என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டிற்று. எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் இடையே இருந்தவை பத்துப் பன்னிரண்டு செக்கன்களே.

அவ்வறிக்கையை வாசித்தபோது என் கை நடுங்கிற்று. எனக்குக் கிடைத்தது ஒரு நிமிடம். எதிரே மலையும் இல்லை. எனக்கும் அவர்களுக்கும் இருந்த வேறுபாடு திறமையன்று, இடம் மட்டுமே. எயார்பஸ் விமானங்கள் பலவற்றில், முழு விசை கொடுத்தவுடன் இப்பலகைகள் தாமாகவே மடியும்படி அமைத்திருக்கிறார்கள். ஆயினும் எல்லா விமானங்களும் அவ்வாறல்ல.

இக்கருவியைப் பற்றிய மறதி ஒருவகை. குழப்பம் மற்றொரு வகை. தரை தொட்டவுடன் பலகைகள் யாவும் தாமாகவே முழுதும் எழ வேண்டும். அவ்வாறு எழுந்தால்தான் இறக்கையில் தங்கியிருக்கும் பாரம் சக்கரங்களின்மேல் இறங்கும். பாரம் இறங்கினால்தான் சக்கரத் தடைகள் பிடிக்கும். அதற்காக, இறங்கும் முன்னரே நெம்புகோலை ஆயத்த நிலையில் வைக்க வேண்டும். 1970 ஆம் ஆண்டு ஆடி மாதம் 5 ஆம் நாள், கனடாவின் ரொறன்ரோ நகரில் இறங்க வந்த எயார் கனடா டிசி-8 விமானத்தில், அதனை எப்போது ஆயத்தஞ் செய்வது என்பதில் இரு விமானிகளுக்கும் வேறுவேறு வழக்கம் இருந்தது. நூலில் விதித்த முறையை விட்டு, தம்முள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். தரைக்கு ஏறத்தாழ 60 அடி உயரத்தில், ஆயத்தஞ் செய்வதற்குப் பதிலாகப் பலகைகளை எழுப்பியேவிட்டார் துணை விமானி. விமானம் கல்லைப்போல் விழுந்து ஓடுபாதையில் மோதிற்று. மீண்டும் எழுந்து பறந்தது. எரிபொருள் பற்றி வெடித்தது. 109 பேரும் மாண்டனர். இதற்கு மறுதலையாக, 1999 ஆம் ஆண்டு ஆனி மாதம் முதலாம் நாள், அமெரிக்காவின் லிற்றில் றொக் நகரிலே, புயல்மழையின் நடுவே இறங்கிய விமானம் ஒன்றில், நெம்புகோலை ஆயத்த நிலையில் வைக்க இருவருமே மறந்தனர். பலகைகள் எழவில்லை; சக்கரங்கள் பிடிக்கவில்லை; விமானம் ஓடுபாதையைக் கடந்து சென்று உடைந்தது. 11 பேர் உயிரிழந்தனர். எழக்கூடாத இடத்தில் எழுந்ததால் ஒன்று. எழ வேண்டிய இடத்தில் எழாததால் மற்றொன்று.

நமக்கு அண்மையில் நிகழ்ந்த ஒன்றையுஞ் சொல்லாமல் விடுதல் தகாது. 2010 ஆம் ஆண்டு வைகாசி மாதம் 22 ஆம் நாள் காலை, துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானம், குன்றின்மேல் அமைந்த ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. 166 பேரில் எண்மரே பிழைத்தனர். வளைகுடா நாடுகளில் உழைத்துவிட்டு வீடு திரும்பியோரும் அவர்தம் குடும்பத்தினருமாகப் பலர் அதில் இருந்தனர். நம் ஊர்களிலும் அவ்வாறு உழைக்கச் சென்றவரை எதிர்பார்த்திருக்கும் வீடுகள் எத்தனை! விசாரணை அறிக்கை கூறுவது இதுதான்: இறங்கத் தொடங்குவதிற் காலந் தாழ்ந்தது, தலைமை விமானி நெடுநேரம் உறங்கியிருந்தார். ஸ்பீட்பிரேக்கை எழுப்பியதோடமையாமல், 8,500 அடி உயரத்திலேயே சக்கரங்களையும் கீழிறக்கி உயரத்தைக் குறைக்க முயன்றனர். அப்படியும் விமானம் இருக்க வேண்டிய உயரத்தினும் ஏறத்தாழ இருமடங்கு உயரத்திலேயே வந்துகொண்டிருந்தது. இறங்காது மீண்டும் எழும்பிச் சுற்றிவருமாறு துணை விமானி மூன்று முறை சொன்னார். கருவிகளும் பலமுறை எச்சரித்தன. தலைமை விமானி கேட்கவில்லை. ஏறத்தாழ எண்ணாயிரம் அடி நீளமான ஓடுபாதையில் ஐயாயிரத்து இருநூறு அடியைக் கடந்த பின்னரே சக்கரங்கள் நிலைத்தன.

மன்னாருக்கு மேலே தொடங்க வேண்டியதைப் புத்தளத்தில் தொடங்கினால் எக்கருவியும் காவாது என்று முன்னே சொன்னேன். அதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமோ? ஸ்பீட்பிரேக் சிறு கடனைத் தீர்ப்பது. பெருங்கடன் பட்டவன் தன் நிலையை ஒப்புக்கொண்டு, மீண்டும் ஒருமுறை சுற்றிவர வேண்டும். அதில் இழிவில்லை. என் பிற்காலத்திலே, ஆயிரம் அடி உயரத்துக்கு வருமுன் எல்லாம் ஒழுங்காக அமையாவிட்டால், யார் என்ன நினைத்தாலும், சுற்றிவந்தே இறங்கினேன். 1994 ஆம் ஆண்டுக்குப் பின்பு, புறப்படுமுன் துணை விமானியிடம் தவறாமற் சொல்லும் வாக்கியம் ஒன்றும் உண்டு: “நான் அறிந்திருப்பேன் என்று எண்ணி எதையும் சொல்லாமல் இராதீர், அறிந்ததையே இன்னொருமுறை கேட்பதில் எனக்கு வருத்தமில்லை.” ஓய்வு பெறும் நாள்வரை, எத்தனையோ இளைஞர் எனக்கு எத்தனையோ முறை நினைவூட்டினர். அவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன்.

நம் கல்லூரியிலே, விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், தமிழாசிரியர் ஒருவர் திருக்குறளின் பொருட்பாலை எங்களுக்குப் பாடஞ் சொன்னார். ஐம்பத்துநான்காம் அதிகாரத்துக்கு வந்தபோது, ‘பொச்சாவாமை’ என்ற சொல்லைக் கேட்டு வகுப்பு முழுவதும் சிரித்தோம். அவர் சினந்தாரல்லர். மறவாமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்ததன் காரணம் தெரியுமா என்று வினவினார். ஒருவருக்கும் தெரியவில்லை. துன்பத்தில் மனிதன் எதையும் மறப்பதில்லை, மகிழ்ச்சியிலேதான் மறக்கிறான், ஆகையால் மிகுந்த மகிழ்ச்சியினால் வரும் மறதியையே வள்ளுவர் அங்கே முதலிற் கண்டிக்கிறார் என்று விளக்கினார். அக்காலத்தில் அது தேர்வுக்குரிய விடையாக மட்டுமே என் மனத்திற் பதிந்தது. கணக்குப் பொருந்திவிட்டது என்று நான் பெருமிதங்கொண்ட அவ்விரவிலே, பத்தாயிரம் அடி உயரத்தில், அவ்வுரையின் பொருள் விளங்கிற்று. காற்று வலுத்தபோது கயிற்றை நான் விடவில்லை. ஓங்கில்கள் விளையாடியபோதே விட்டேன்.

சென்ற ஆண்டு தோட்டவெளிக்குச் சென்றிருந்தேன். போரினால் அழிந்த இருப்புப்பாதை மீண்டும் இடப்பட்டு, 2015 ஆம் ஆண்டு முதல் தலைமன்னார் வரை புகையிரதம் ஓடுகின்றது. நாங்கள் இருந்த வீடு இல்லை. சம்மாட்டியாரும் காலமாகி நெடுநாளாயிற்று. தீவின் தென்கரையிலே, 2020 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதும் வரிசையாக நின்றன. சோழகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. காற்று மிகும்போது அவற்றின் இறகுகள் தம் அச்சிலே திரும்பி, வேண்டாத காற்றை வழியவிடும். தணியும்போது மீண்டும் திரும்பி அதை ஏற்கும். இளக்குதல், இழுத்தல்! சம்மாட்டியாரின் இரு கட்டளைகளையும் அவ்வியந்திரங்கள் பகலும் இரவும் மறவாமல் நிறைவேற்றுகின்றன.

மாலையிற் பேசாலைக் கடற்கரைக்குப் போனேன். இப்போது பாய் வள்ளங்கள் இல்லை. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகளே நின்றன. வானத்தில் மிக உயரத்தே ஒரு விமானம் தெற்கு நோக்கிச் சென்றது. இந்நேரம் அதன் எஞ்சின்கள் அடங்கியிருக்கும், மூக்குத் தாழ்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே அண்ணாந்து பார்த்து நின்றேன். அதை ஓட்டுபவர் யாரோ, அறியேன். அவருடைய கை இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதாக. மறந்தாராயின், பக்கத்தில் இருப்பவர் அச்சமின்றி வாய் திறப்பாராக என்று வேண்டிக்கொண்டேன்.

கல்லூரித் தாயின் மடியில் இன்று பயிலும் தம்பிமாருக்கு வயதில் மூத்தவன் என்ற உரிமையோடு ஒன்று சொல்வேன். நீங்கள் எத்தொழிலுக்குச் சென்றாலும், ஒன்றை இளக்க வேண்டிய வேளையும், தடுக்க வேண்டிய வேளையும் வரும். இளக்குங்கள், தடுங்கள், அதில் தவறில்லை. அவ்வேளை நீங்கி, மனம் மகிழ்ந்து, கண் வேறிடத்திற் செல்லத் தொடங்கும்போது, உங்கள் கை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.